அடையில் கிடப்பது சேவல்

குவைத்
1982 மார்ச் 3

அன்பு மச்சான் மசூருக்கு, உம்மு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக வந்து இறங்கினேன், அல்ஹம்துலில்லாஹ். உங்களையும் நம் ஜனூபாவையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கத் தொழுகைக்குத் தொழுகை கையேந்துகிறேன்.

வீடு பெரியது. எஜமானி கத்துவாள், ஆனால் கை நீட்ட மாட்டாள். வேலை ஒன்றும் புதிதில்லை. மா இடித்த கைக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? வீட்டு ட்றைவர் மலையாளத்து ஆள். கடிதங்களைத் தானே தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெளிக்கிட்ட அன்று பிள்ளை போத்தலை வாயில் வைக்கவே விடவில்லை. ஐந்து மாதப் பிள்ளைக்கு அவ்வளவு பிடிவாதம்! அது உங்கள் பக்கத்துக் குணம்தான், வேறென்ன. இப்போது குடிக்கிறாளா? குடிக்காவிட்டால் பால்மாவைக் கரைத்து ஆற வைத்துக் கரண்டியால் என்றாலும் பருக்குங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பவும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் கூடப்பிறந்த காக்கா ஆதம்பாவாவின் மனைவி சல்மா மச்சியும் கைக்குழந்தைக்காரி. பிள்ளை அழுதால் அவர் மடியில் போடத்தான் உங்களுக்கு மனம் வரும். போடக்கூடாது. அவருடைய அந்தக் கைக்குழந்தை ஜவாதைத்தான் நம் ஜனூபாவுக்கு மாப்பிள்ளை என்று காக்கா நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே மார்பில் பால் குடித்தால் இரண்டும் உடன்பிறப்பாகிவிடும். பிறகு நிக்காஹ் ஹறாம். சூறாவளி கொண்டுபோன வீட்டை நாம் இன்னும் கட்டவில்லை. வீடில்லாத பெண்ணை நம் நிந்தவூரில் எவன் கட்டுவான்? "ஓலைக் குடிலெண்டாலும் என்ட மகன் வருவான்" என்று சொன்ன ஒரே மனிதர் காக்காதான். அந்த வாக்கும் போனால் பிள்ளைக்கு வேறு வழியில்லை மச்சான்.

உடனே பதில் எழுதுங்கள். பிள்ளையின் கன்னத்தில் என் முத்தம்.

உங்கள்
உம்மு


நிந்தவூர்
1982 மார்ச் 24

என் உம்முவுக்கு மசூரின் ஸலாம். கடிதம் கிடைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் நலம். நீயும் நலமாயிருக்க ஜும்ஆவில் துஆக் கேட்டேன். பிள்ளை சுகம்.

வெள்ளாமை வெட்டி, சூடும் அடித்தாயிற்று. நம் வயலுக்குக் கீழே சதுப்பு நிலம் இருக்கிறதே, அந்த வில்லுக்குள் இந்த முறை பன்புல் ஆளுயரம் வளர்ந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு பறவை. நீண்ட சொண்டு, உள்ளான் போல இருக்கும், ஆனால் உள்ளான் இல்லை. கண்ணைச் சுற்றி ஒரு வளையம், வளையத்திலிருந்து பின்பக்கம் ஒரு கோடு, கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. சாக்கு நிற உடம்பு. நாம் கிட்டப் போனால் அப்படியே உறைந்து நிற்கும். உனக்கு முன்னால் நின்றாலும் நீ காணமாட்டாய். வரப்போரம் புல்லை வளைத்துக் கூடு கட்டி, நாலு முட்டைமேல் கிடக்கிறது. நான் ஒரு முழம் கூடக் கிட்டப் போனேன். ஓடவில்லை. இரண்டு சிறகையும் விரித்து, வாலைத் தூக்கி, பாம்பு மாதிரிச் சீறியது. கைப்பிடிக்குள் அடங்கும் பறவை, என்னைப் பயங்காட்டுகிறது! அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இங்கே வெயில் கடுமை. உடம்பைக் கவனித்துக்கொள். அல்லாஹ் காவல்.

மசூர்


குவைத்
1982 ஏப்ரல் 9

மச்சானுக்கு உம்முவின் ஸலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான். உங்கள் சுகமும் நல்லபடி இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தரம் வாசித்தேன். பறவைக்கு ஒரு பக்கம், பிள்ளைக்கு ஒரு வரி. பறவையின் கண், பறவையின் வால், பறவையின் கோபம் எல்லாம் எழுதத் தெரிந்த மனிதருக்கு, "ஜனூபா போத்தல் குடிக்கிறாள்" என்று எழுத மை இல்லையா?

அதோடு இதையும் கேட்கிறேன். நீங்கள் அரைமணி நேரம் வில்லுக்குள் இருந்தால் அந்த நேரம் பிள்ளை யாரிடம்?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. என் பிள்ளை குடிக்கிறாளா, இல்லையா? ஓம் அல்லது இல்லை. அதை மட்டும் எழுதி அனுப்பினாலும் போதும்.

உம்மு


நிந்தவூர்
1982 ஏப்ரல் 26

அன்பு உம்மு, வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம், நீயும் மனதைத் தேற்றிக்கொள். ஓம், குடிக்கிறாள். கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறாள். வெயில்தான் காரணம். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

பக்கத்து வயல் கந்தப்போடியைத் தெரியும்தானே, வீரமுனை ஊர்க்காரர். அவரைக் கூட்டிப் போய்ப் பறவையைக் காட்டினேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது மயிலுள்ளான்கா. அடையில கிடக்கிறது பெட்டை இல்ல தம்பி, சேவல். பெட்டை முட்டைய இட்டுப்போட்டு அங்கால போயிரும். மறுகா வேற சேவலோட சேர்ந்து வேற இடத்தில முட்டை இடும். அடை, குஞ்சு எல்லாம் சேவல்ட தலையிலதான்" என்றார். அழகும் பெட்டைக்குத்தானாம். அதற்குச் செம்பு நிறக் கழுத்து, சேவலுக்குச் சாக்கு நிறம்.

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள். கூடு பள்ளத்தில் இருக்கிறது. குஞ்சு பொரிக்குமுன் தண்ணீர் வந்தால் எல்லாம் போய்விடும். வரப்பைச் சுற்றிச் சேறு அள்ளி அணை போட்டேன். சேவல் சீறிக்கொண்டேதான் கிடந்தது. எழும்பவில்லை. கந்தப்போடிக்கு இன்னும் சிரிப்பு.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. 

மசூர்


குவைத்
1982 மே 14

மச்சானுக்கு, ஸலாம். சுகம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

பெட்டை முட்டையை இட்டுவிட்டுப் போய்விடுமா? வேறு சேவலோடு சேருமா? நல்லாயிருக்கிறது மச்சான், நல்லாயிருக்கிறது. இதை எழுதிக் கடல் தாண்டி அனுப்ப உங்களுக்குக் கை கூசவில்லையா? நான் போனது என்ன ஊர் பார்க்கவா? உங்களுக்கும் சேர்த்துத்தானே எஜமானியின் கக்கூசைக் கழுவுகிறேன்! கந்தப்போடி சிரித்தார் என்றால் அது அவருக்குப் பறவை. எனக்கு அது என் குடும்பம்.

கோபத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வாசித்தேன். அப்போதுதான் யோசனை வந்தது. என் மச்சான் குத்திக் கதைக்கிற மனிதர் இல்லை. பின்னே எதற்காக இந்தச் சேவலைப் பற்றி இப்படி எழுதித் தள்ளுகிறார்?

சேவலால் ஏலும் மச்சான். கோழிக்குஞ்சு பால் குடிக்காது, மயிலுள்ளான் குஞ்சும் பால் குடிக்காது. அதனால் சேவலால் ஏலும். உங்களால் எப்படி ஏலும்? "குடிக்கிறாள்" என்று எழுதினீர்களே, என்ன குடிக்கிறாள்? எங்கே குடிக்கிறாள்?

நீங்கள் எனக்குப் பொய் எழுதியதில்லை. இனியும் எழுத வேண்டாம்.

உம்மு


குவைத்
1982 ஜூன் 10

மச்சான், ஸலாம். பதில் இல்லை. ட்றைவர் ஒவ்வொரு நாளும் கையை விரிக்கிறார். பிள்ளை உயிரோடு இருக்கிறாளா?

உம்மு


நிந்தவூர்
1982 ஜூன் 24

என் உம்முவுக்கு, உன் மசூர் வெட்கத்தோடு சொல்லும் ஸலாம். முதலில் இதை வாசி. பிள்ளை உயிரோடு இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள். இப்போது தவழ்கிறாள். கீழே இரண்டு பல். இது அல்லாஹ் மேல் ஆணை.

நீ போன பிறகு அவள் ஒன்றும் குடிக்கவில்லை. போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். கரண்டியால் பருக்கினால் துப்பினாள், உள்ளே போனது வயிற்றால் போனது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் திரும்ப அதே கதை. உச்சந்தலை குழிந்துவிட்டது, உம்மு. அழக்கூடச் சத்தம் இல்லை. உன் காக்கா வந்து பார்த்துவிட்டு, அந்தக் கல்நெஞ்சு மனிதர், வளவுக்குள் நின்று விம்மினார்.

அவர்தான் என்னைப் பள்ளிவாசல் லெவ்வையிடம் கூட்டிப்போனார். லெவ்வை சொன்னார், "அஞ்சு முறை வகுறு நிறையக் குடிச்சாத்தான் பால் உறவு. அதுக்குக் குறைஞ்சா ஒண்டுமில்ல. பயப்பிடாதீங்க." காக்கா அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். "நாலு. அதுக்கு மேல ஒரு முடறும் இல்ல. என்ட வாக்கும் நிக்கணும், புள்ளையும் நிக்கணும். விளங்கிச்சா?"

சல்மா ராத்தா நாலு முறை கொடுத்தார். ஒவ்வொரு முறையும் காக்கா வாசலில் நின்று விரலை மடக்கினார். நாலாவது முடிந்ததும் பிள்ளையை வாங்கி என் கையில் தந்துவிட்டார். அந்தத் தெம்பில்தான் அவள் கரண்டிப் பாலைத் தங்க வைத்துக்கொண்டாள். பிறகு போத்தலையும் பிடித்தாள். பகலில் சல்மா ராத்தாவிடம்தான் விடுகிறேன், போத்தலோடு.

நான் உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ ஒன்றைத்தான் கேட்டாய், அதைத்தான் செய்யாமல் விட்டேன். நாலு என்று சொன்னால் நீ நம்புவாயா என்று பயம். பேனையை எடுத்தால் கை தானாகப் பறவையைப் பற்றி எழுதத் தொடங்கிவிடும். பெட்டையைப் பற்றி எழுதியது மடத்தனம். உன்னை நினைத்து எழுதவில்லை. என்னை நினைத்துத்தான் எழுதினேன்.

தண்ணீர் வருமுன்னே குஞ்சு பொரித்துவிட்டது. ஈரம் காய்ந்ததும் காயாததுமாக எழும்பி நடந்தன! சேவலுக்குப் பின்னால் போய்ச் சேற்றைக் கிண்டின. வரப்பில் இருந்து வாய்விட்டு அழுதேன், உம்மு. அந்தச் சேவலுக்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம், லெவ்வையும் வேண்டாம், யார் காலிலும் விழவும் வேண்டாம்.

ஏச வேண்டுமென்றால் ஏசு. பதில் மட்டும் எழுது.

மசூர்


குவைத்
1982 ஜூலை 12

என் மச்சானுக்கு ஆயிரம் ஸலாம். எனக்குச் சுகத்துக்கு என்ன குறை? இன்றைக்குத்தான் இந்த நாட்டில் சோறு இறங்கியது.

ஏசத்தான் போகிறேன். மூன்று மாதம் என்னை உயிரோடு கொன்றீர்கள். பிள்ளை மௌத்தாகிவிட்டாள், அதை மறைக்கத்தான் பறவைக் கதை என்று நினைத்து, உடுப்புக் கழுவுகிற அறையில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். உங்களுக்கு ஒரு நாளைக்கு நான் செய்வேன் பாருங்கள்.

ஆனால் நாலு! நாலோடு நிறுத்தினீர்களே, அந்தப் புத்தி யாருக்கு வரும்? காக்காவின் காக்காத்தனம் இதில்தான் இருக்கிறது. பிள்ளையும் பிழைத்தாள், வாக்கும் பிழைத்தது. சந்தோசத்தில் கைதவறி ஒரு கோப்பையை உடைத்துவிட்டேன். எஜமானி கத்தினாள். கத்தட்டும்.

இந்தக் கடிதத்தைக் காக்காவின் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசியுங்கள். சல்மா மச்சிக்கு விசேசமாக வாசியுங்கள். தன் மருமகளைத் தானே காப்பாற்றினார். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

அந்தச் சேவலுக்கும் என் ஸலாம். இனிக் கோபமில்லை.

உங்கள்
உம்மு


நிந்தவூர்
1982 ஆகஸ்ட் 5

அன்பு மச்சி உம்முவுக்கு, உங்கள் காக்காவின் மனைவி சல்மா உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு நான் கேட்கிற துஆ அல்லாஹ்வுக்குத் தெரியும். இந்தக் கடிதம் எழுதுவது யாருக்கும் தெரியாது. உங்கள் விலாசத்தை உறையைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

மசூர் தம்பி உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் காக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

மச்சி, நாலு இல்லை.

நீங்களும் மசூர் தம்பியும் பாஸ்போட்டுக்காகக் கொழும்பு போனீர்கள்தானே. பிள்ளையை என்னிடம் விட்டு, கற்கண்டுத் தண்ணீர் பருக்கச் சொன்னீர்கள். பருக்கினேன், துப்பினாள். பொழுதுபட்டும் அழுகை நிற்கவில்லை. பக்கத்தில் என் மகன் குடித்துவிட்டு நித்திரை. பெற்ற வயிறு மச்சி, எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரு தரம்தானே என்று கொடுத்தேன். வயிறு நிறையக் குடித்து, தானாகவே வாயை எடுத்து நித்திரையானாள். நீங்கள் வந்ததும் சொல்ல வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையை மட்டும் உங்கள் கையில் தந்துவிட்டேன்.

பிறகு அந்த நாலு வந்தது. வாசலில் உங்கள் காக்கா மடக்கியது நாலாவது விரல். எனக்கு மட்டும் அது ஐந்து. மூன்றோடு, "எனக்குப் பால் வத்திப்போச்சி" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடியில் பலமே இல்லை. இன்னொரு முறை குடித்தால் பிழைப்பாள், குடிக்காவிட்டால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். மறந்து செய்யவில்லை.

இந்தச் சம்பந்தத்தை உங்களைவிட ஆசைப்பட்டது நான். நம் ஊரில் மகன் என்றால் என்ன, கலியாணம் முடிந்தால் பெண் வீட்டுக்குப் போகிறவன். ஜனூபாவைக் கட்டினால் ஜவாது அடுத்த வளவில் இருப்பான், கூப்பிட்டால் வருவான். இனி அவன் எந்த ஊருக்குப் போவானோ. பெருநாளைக்குப் பெருநாள் காண்பேன்.

சொல்லாமல் விட்டால் உடன்பிறந்ததுகளைக் கட்டிவைத்த பாவம். சொன்னால் உங்கள் காக்காவை உங்களுக்குத் தெரியும். ஊருக்குச் சொன்ன வாக்கு. "ஒளிச்சிக் குடுத்தவளோட எனக்கென்ன வாழ்க்கை" என்று சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால், திரும்பி வருகிற மனிதர் இல்லை. எனக்கு ஐந்து பிள்ளைகள் மச்சி.

நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அது. ஏசினாலும் தாங்குவேன். ஜனூபா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கப் பார்க்கிறாள்.

சல்மா உம்மா


குவைத்
1982 செப்டெம்பர் 1

அன்பு மச்சானுக்கு, உங்கள் உம்முவின் ஸலாம். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீங்களும் பிள்ளையும் நோய் நொடியின்றி இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை இருந்து வாசியுங்கள். வாசித்துவிட்டுக் காக்காவிடம் போங்கள்.

ஒன்றை உங்களுக்கு மறைத்துவிட்டேன். நாம் கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று, நீங்கள் பஸ்சுக்குப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நின்றீர்கள். நான் சல்மா மச்சியைக் குசினிக்குள் கூப்பிட்டு, "புள்ள அழுதா நீங்க குடுங்க மச்சி" என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்றார். காக்காவின் வாக்கைச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து அழுது, ஒரு தரம்தானே என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கினேன். அப்படிக் கொடுத்துவிட்டார். அந்தப் பயத்தில்தான் முதல் கடிதத்தில் உங்களுக்கு அவ்வளவு கண்டிப்பாக எழுதினேன். நீங்கள் நாலு என்று எழுதியதும் சந்தோசத்தில் அந்த ஒன்றை நான் கூட்டவில்லை. இப்போதுதான் கூட்டினேன். நாலும் ஒன்றும் ஐந்து, மச்சான். ஜனூபாவும் ஜவாதும் உடன்பிறப்பு.

காக்காவிடம் இதை இப்படியே சொல்லுங்கள். உம்முதான் செய்தாள், உம்முதான் சத்தியம் வாங்கினாள் என்று. சல்மா மச்சி சத்தியத்தைக் காத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. காக்கா ஏசட்டும், நல்லா ஏசட்டும். அவர் குரல் குவைத் வரைக்கும் கேட்காது.

மாப்பிள்ளையை இனி நாம்தான் தேட வேண்டும். அதற்கு வீடு வேண்டும், கல்வீடு. அத்திவாரத்துக்கு ஆள் பிடியுங்கள். வருகிற தையோடு வந்துவிடலாம் என்று இருந்தேன். எஜமானியிடம் பேசி, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் வைத்தேன். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

பிள்ளையை முந்திப் போலவே சல்மா மச்சியிடம் விடுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் வாய் திறந்து கதைக்கத் தொடங்குவாள். அவரை அவள் உம்மா என்று கூப்பிட்டால் யாரும் திருத்த வேண்டாம். அது சரியான முறைதான்.

உங்கள்
உம்மு